உடலோம்பலும் ஓர் அறமே

மூவுலகும் தொழும் அருகப் பெருமானின் திருவடிகளை மனம், மொழி, மெய்களால் வணங்கி இச்சிற்றுரையைத் தொடங்குகின்றோம்.

"உடல் வேறு, உயிர் வேறு என்று கற்பிப்பது நம் அறம். அழியப்போகும் உடலைப் பேணி என்ன பயன்? நடைப்பயிற்சி, இரத்தப் பரிசோதனை, மாத்திரை என்பனவெல்லாம் உடற்பற்றினை வளர்ப்பன அல்லவா?" என்னும் வினாவை ஜினாலய மண்டபத்திலும் திருமண வீடுகளிலும் பலர் கேட்கக் கேட்டிருக்கின்றோம். கேட்பவர் பெரும்பாலும் நோன்பு தவறாதவர். நாள்தோறும் திருக்கோயில் செல்பவர். ஆகவே இவ்வினாவை எளிதென்று தள்ளுதல் முறையன்று. நூல்நெறி நின்று விடை காணுதலே முறை.

பாடத்தின் நோக்கம் யாது?

உடலின் இழிவைக் கூறும் பகுதிகள் நம் நூல்களில் மிகுதி. நாலடியாரில் யாக்கை நிலையாமை என்றும் தூய்தன்மை என்றும் தனித்தனி அதிகாரங்களே உள்ளன. பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் அசுசி அனுப்பிரேட்சையும் ஒன்று. இவற்றை நாம் மறுக்கவில்லை, மறுக்கவும் இயலாது.

எனினும் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாட்களில் நமக்கு முதன்முதல் கற்பிக்கப்பட்ட ஒன்று உண்டு. பாடக் குறிப்பு எழுதுமுன் நோக்கத்தை எழுதுதல் வேண்டும். இப்பாடம் எவர்க்கு, எதன் பொருட்டு என்று தெளியாமல் கற்பித்தால், மாணவர் தவறான பொருளையே கொண்டு செல்வர். யாக்கையின் இழிவைக் கூறும் பாடமும் அவ்வாறே. அது உடலழகில் மயங்கி, சந்தனம் பூசியும் பட்டு உடுத்தியும் அதுவே தானென்று செருக்குற்றிருப்பானுக்குக் கூறிய மருந்து. உடலைப் புறக்கணித்து நோயை வளர்ப்பானுக்குக் கூறிய அனுமதி அன்று.

அந்நாலடியாரிலேயே அறன் வலியுறுத்தல் என்னும் அதிகாரத்தில் கரும்பு உவமை ஒன்று வருகின்றது. கரும்பை ஆலையிலிட்டுக் காலத்தே வெல்லக்கட்டியை எடுத்துக்கொண்டவர், பின்பு அதன் சக்கை எரிவது கண்டு வருந்தார். அதுபோல உடலால் ஆகும் பயனைக் கொண்டவர், கூற்றம் வருங்கால் வருந்தார் என்பது அதன் கருத்து. வந்தவாசி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் வாழும் நம்மவர்க்குக் கரும்புத் தோட்டம் புதிதன்று. ஒன்று கேட்கின்றோம். சக்கை ஒருநாள் எரியத்தான் போகின்றது என்று நட்ட கரும்புக்கு நீர் பாய்ச்சாதிருப்பார் எவரேனும் உண்டோ? செவ்வழுகல் நோய் கண்டபோது வாளா இருப்பார் உண்டோ? நோயுற்ற கரும்பில் சாறு இல்லை. சாறில்லாத கரும்பை ஆட்டினால் கட்டியும் இல்லை. சக்கைக்காக அழாதே என்றே அவ்வுவமை கூறுகின்றது. சாறு பிழியுமுன் பயிரைச் சாகவிடு என்று கூறவில்லை.

ஆதி பகவன் காட்டிய வழி

பகவான் ரிஷபதேவர் துறவு மேற்கொண்டபோது நாலாயிரம் அரசர்கள் அவரைப் பின்பற்றித் தாமும் துறந்தனர். பகவான் ஆறு திங்கள் உண்ணா நோன்பு கொண்டு அசையாது நின்றார். வச்சிர யாக்கை உடைய அவருக்கு அஃது இயன்றது. உடன் வந்தோர்க்கு இயலவில்லை. பசியும் நீர்வேட்கையும் வாட்ட, அவர்கள் நெறி பிறழ்ந்தனர். அவர்கள் தீயவர் அல்லர், பக்தி மிகுந்தவரே. தம் உடலின் வலிமையை அறியாது பெருநோன்பில் இறங்கியமையே அவர்தம் குறை.

நோன்பு முடிந்தபின் பகவான் எண்ணியதை ஒன்பதாம் நூற்றாண்டில் ஆதிபுராணம் இயற்றிய ஜினசேனாசாரியர் எடுத்துரைக்கின்றார். வீடுபேறு வேண்டுவோர் உடலை வெறுமனே வாட்டவும் கூடாது. சுவைமிக்க உணவுகளால் கொழுக்கச் செய்யவும் கூடாது. இடைவழியே தக்கது என்பது அதன் சாரம். இவ்வாறெண்ணியே பகவான் உணவின்பொருட்டு ஊர்களை நோக்கி நடந்தார். முனிவர்க்கு உணவளிக்கும் முறையை மக்கள் அறியாமையால் மேலும் பல திங்கள் கழிந்தன. இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் அளித்த கருப்பஞ்சாற்றை ஏற்றருளினார். அந்நாளையே அட்சய திருதியை என்று கொண்டாடுகின்றோம். நம்முள் பலர் அந்நாளைத் தானத்தின் திருநாள் என்று மட்டுமே அறிவர். உடலை உரிய அளவில் ஓம்புதல் துறவிக்கும் உரியதே என்று முதல் தீர்த்தங்கரர் தாமே நடந்து காட்டிய திருநாளும் அதுவே அன்றோ?

மேலும் ஒன்று. மக்கட் பிறவி ஒன்றிலேயே முழுத் துறவும் வீடுபேறும் இயலும். தேவர்க்கும் அது வாய்க்காது. அம்மக்கட் பிறவியிலும் வச்சிர விருஷப நாராசம் என்னும் முதல்தர எலும்புக் கட்டமைப்பு உடையார்க்கே அப்பிறவியில் முத்தி என்பது ஆகமம். இப்பஞ்சம காலத்தில் அத்தகைய உறுதியான யாக்கை எவர்க்கும் இல்லை. நமக்கு வாய்த்தது மெலிந்த படகு. மெலிந்த படகு உடையவனன்றோ துளைகளைக் கூடுதல் கருத்துடன் அடைக்க வேண்டும்!

ஆசான் மறுத்த மரணம்

காஞ்சி மாநகரோடு தொடர்புபடுத்தி மரபு போற்றும் சமந்தபத்திராசாரியரின் வரலாற்றை நம் இல்லங்களில் பெரியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். அவருக்குப் பஸ்மக வியாதி என்னும் கொடிய நோய் வந்துற்றது. உண்ணும் உணவெல்லாம் எரிந்து சாம்பலாகி, தீராப் பசி வாட்டும் நோய் அது. ஒருவேளை உணவே உண்ணும் முனிவர்க்கு அந்நோய் எத்தகைய துன்பம் என்பதை எண்ணிப் பாருங்கள். முனிவர் ஒழுக்கத்தில் சிறிதும் குறைவுபட விரும்பாத அவர், தம் ஆசானை அணுகி, சல்லேகனை நோற்று உடலை நீக்க விடை வேண்டினார்.

ஆசான் விடை தரவில்லை. உம்மால் அறத்திற்கு ஆகவேண்டிய பணி மிகுதியாக உள்ளது. முனிக்கோலத்தைச் சிலகாலம் நீக்கி வைத்து, எவ்வாறேனும் நோயைத் தீர்த்துக்கொண்டு, மீண்டும் தீட்சை கொள்ளும் என்று பணித்தார் என்பது மரபு. துறவுக்கோலத்தைக் களைதல் என்பது ஒரு முனிவர்க்கு உயிரைக் களைவதினும் அரிது. அதனையும் ஆசான் ஏற்கச் சொன்னார். தீர்க்கத்தக்க நோய்க்காக உயிரைக் களைவதை ஏற்கவில்லை. சமந்தபத்திரர் நோய் நீங்கி, மீண்டும் தீட்சை பெற்றார். ஆப்தமீமாம்சையும் சுயம்பு தோத்திரமும் இரத்தினகரண்ட சிராவகாசாரமும் நமக்குக் கிடைத்தன. அச்சிராவகாசாரத்தைத் தழுவியதே நம் இல்லறத்தார் ஓதும் அருங்கலச்செப்பு. ஓர் ஆசான் அன்று மருந்தை நாடு என்று கூறியதன் பயனை இன்றும் நாம் ஓதிக்கொண்டிருக்கின்றோம்.

அவ்வாசாரியரே தம் நூலில் சல்லேகனைக்குரிய காலத்தை வரையறுக்கின்றார். இடையூறு, வற்கடம், மூப்பு, நோய் ஆகியவை தீர்க்கும் வழியின்றி வந்துற்றபோது அறத்தின் பொருட்டு உடலை விடுதல் சல்லேகனை என்பது அவர் கருத்து. தீர்க்கும் வழியின்றி என்னும் அடைமொழியை நோக்குங்கள். தீர்க்கும் வழி உள்ள நோயைத் தீர்க்காமல் விடுதல் சல்லேகனையும் அன்று; துறவும் அன்று. அது வெறும் அசட்டையே.

எம் இல்லத்தில் நிகழ்ந்தது

இவ்வளவும் நூலில் கண்டது. இனிக் கூறப்போவது வாழ்வில் கண்டது. கூறுதற்குக் கூச்சமாகவே உள்ளது. எனினும் ஒரு குடும்பமேனும் விழிப்படையும் என்னும் எண்ணத்தால் கூறுகின்றோம்.

எம் கணவர் நல்ல சிராவகர். இரவுணவு உண்டறியார். அட்டமி, சதுர்த்தசி நோன்புகளைத் தவறவிட்டறியார். ஐம்பத்தைந்து வயதளவில் அவருக்கு நீரிழிவு கண்டது. மருத்துவர் மாத்திரையும் நடையும் கூறினார். அவர் சில திங்கள் கேட்டார், பின்பு விட்டுவிட்டார். வினவினால், "உடல் வேறு, உயிர் வேறு" என்பதே விடை. நாமும் அதனை ஞானம் என்று எண்ணி மகிழ்ந்தோம். முப்பது ஆண்டுகள் பள்ளியில் சுகாதாரப் பாடம் நடத்திய நாம், எம் இல்லத்தில் அப்பாடத்தை நடத்தவில்லை. அவர் பிழையில் பாதி எமது பிழையே.

ஒருமுறை வடநாட்டு யாத்திரை சென்றோம். சம்மேத சிகரத்தில் மலையேறி, தீர்த்தங்கரர்களின் திருவடிகளை வலம்வந்து இறங்க ஏறத்தாழ 27 கிலோமீட்டர் வெறுங்காலால் நடக்க வேண்டும். இருபது தீர்த்தங்கரர்கள் முத்தியடைந்த புனித மலை அது. அவர் மகிழ்ச்சியுடன் நடந்தார். காலில் ஏதோ குத்தியது அவருக்குத் தெரியவில்லை. நெடுநாள் நீரிழிவால் பாதத்தின் உணர்நரம்புகள் மரத்துப்போகும் என்பதும், வலி தெரியாத காயமே பெருங்கேடு செய்யும் என்பதும் பின்னரே நாம் அறிந்தவை. ஊர் திரும்பியபின் புண்ணை மறைத்தார். மருத்துவமனைக்குச் சென்றபோது காலம் கடந்திருந்தது. முதலில் இரு விரல்கள். பின்பு முழங்காலுக்குக் கீழே கால்.

அதன்பின் அவர் பொன்னூர் மலை ஏறி ஏலாசாரியர் திருவடியை வணங்கவில்லை. ஊர் ஜினாலயத்திற்குச் செல்லவும் இருவர் தூக்க வேண்டியதாயிற்று. அமர்ந்து சாமாயிகம் செய்ய இயலவில்லை. ஒருநாள் பஞ்ச நமஸ்காரம் சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தி, "ஜபமாலை கையில் இருக்கிறது, மனம் காலில் இருக்கிறது" என்றார். அச்சொல் இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது.

ஆர்த்த தியானம் நால்வகை என்பர் நூலோர். அவற்றுள் நோயின் வேதனையை ஓயாது எண்ணுதலும் ஒன்று. அது தீவினையைக் கட்டுவது. உடல் வேறு என்று கூறி உடலைப் புறக்கணித்தவர், இறுதியில் உடலைத் தவிர வேறொன்றையும் எண்ண இயலாதவராயினார். உடலை மறக்க விரும்புவோன் உடலை நலமாக வைத்திருத்தல் வேண்டும். நலமுள்ள உடலே நம்மைத் தன்னை மறக்க விடும். நோயுற்ற உடல் நொடிதோறும் அழைத்துக்கொண்டே இருக்கும்.

நம் நெறியிலேயே உள்ள மருந்து

உடலோம்பலுக்கு நாம் புதுநெறி தேட வேண்டியதில்லை. நம் முன்னோர் ஒழுக்கத்தை உள்ளறிந்து கைக்கொண்டாலே பெரும்பகுதி நிறைவேறும்.

முதலாவது உணவு. புறத்தவம் ஆறனுள் உண்ணாநோன்பு ஒன்று மட்டுமே என்று பலர் கருதுகின்றனர். அடுத்து நிற்பது அவமோதரியம். அதாவது வயிறு நிறையுமுன் எழுதல். மற்றொன்று இரசபரித்தியாகம். பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு என்னும் ஆறனுள் இயன்றதை விடுதல் அது. நீரிழிவு உடையவர் சர்க்கரையையும், இரத்த அழுத்தம் உடையவர் மருத்துவர் கூறிய அளவில் உப்பையும் குறைப்பாராயின், அஃது அவர்க்கு மருந்தும் ஆகும், தவமும் ஆகும். நாவை அடக்குதல் பட்டினியினும் அரிது என்பதை விருந்துப் பந்தியில் அமர்ந்தோர் அறிவர்.

முழு உண்ணாநோன்பு கொள்வோர், குறிப்பாக நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், முன்னரே மருத்துவரைக் கேட்டல் வேண்டும். மருந்தை உண்டு உணவை விட்டால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, வியர்த்து நடுங்கி, நினைவிழக்கவும் கூடும். தீர்த்தங்கர நாமகருமத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் தவம் என்று மட்டும் கூறாது, சக்திக்கேற்ற தவம் என்று ஆசாரியர் கூறியிருப்பதை மறவாதீர்கள். அச்சொல் நாலாயிரம் அரசர்க்கும் உரியது, நமக்கும் உரியது.

கதிரவன் மறையுமுன் உண்ணுதலும், நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகுதலும் உயிர்க்கருணையின் பொருட்டு விதிக்கப்பட்டவை. அவற்றால் உடற்கும் நலம் விளைகின்றது. உறங்குமுன் உணவு செரிக்கின்றது. காய்ச்சிய நீரால் வயிற்று நோய்கள் தவிர்கின்றன. ஆனால் மாலை ஐந்தரை மணிக்கு எண்ணெய்ப் பலகாரம் வயிறுமுட்ட உண்டுவிட்டு, இரவுணவு உண்ணாமையின் நலத்தை எதிர்பார்த்தல் பொருந்தாது. பயறு வகைகள், கீரை தவிர்க்கும் காலமல்லாத நாட்களில் கீரை, பால், மோர் ஆகியவற்றை அளவறிந்து கொள்ளுதல் நன்று. பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை; பால், தயிரில் உண்டு. கைகால் மரப்பும் சோர்வும் உடைய முதியோர் அதனைச் சோதித்துக்கொள்ளல் தகும்.

இரண்டாவது நடை. உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கின்றது. நாளொன்றுக்கு அரைமணி நேர நடை ஐந்து நாட்கள் என்றால் கீழெல்லை நிறைந்துவிடும். அறுபத்தைந்து வயது கடந்தோர், விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியும் தசை வலுப் பயிற்சியும் வாரத்தில் மூன்று நாட்களேனும் செய்தல் வேண்டும் என்றும் கூறுகின்றது. நாற்காலியைப் பற்றிக்கொண்டு எழுந்து அமர்தலும், சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்றலும் போதும். இதற்குப் பொருட்செலவில்லை.

நடக்கும் முறையை ஈரியா சமிதி நமக்குக் கற்பிக்கின்றது. முன்னே நான்கு முழம் நிலத்தை நோக்கி, ஒளி உள்ள வேளையில், உயிர்கட்கு ஊறு நேராது அடியெடுத்து வைத்தல் அது. முனிவர்க்கு விதித்ததெனினும் இல்லறத்தார் அதனை மேற்கொள்வதில் தடையில்லை. இருளில் விரைந்து நடப்பானேன்? விடிந்தபின் நடந்தால் எறும்பும் பிழைக்கும். நம் இடுப்பெலும்பும் பிழைக்கும்.

மூன்றாவது மருந்து. இன்சுலின் விலங்கிலிருந்து எடுப்பதென்று அஞ்சி அதனை மறுப்போர் நம்முள் இன்றும் உளர். முற்காலத்தில் அது பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது உண்மை. மரபணுத் தொழில்நுட்பத்தால் ஆக்கிய மனித இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று பெரும்பாலும் நுண்ணுயிர்கள் வழி ஆக்கியதே கிடைக்கின்றது. மருந்துக் கூடுகள் பல விலங்கின் ஜெலட்டினால் ஆனவை என்பதும் உண்மையே. தாவரக் கூடுகளும் உள்ளன. மாத்திரை வடிவும் பலவற்றிற்கு உண்டு. மருத்துவரிடம் நம் ஒழுக்கத்தைக் கூறி மாற்று வேண்டலாம். கேளாமலே மருந்தை விட்டுவிடுதல்தான் தவறு.

வீட்டார் கடமை

நான்கு தானங்களுள் ஔஷத தானம் ஒன்று. அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியம் என்னும் நோயாளர் பணி ஒன்று. சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று மருந்துகளின் பெயரையே தம் நூல்களுக்கு இட்டவர் நம் சமயச் சான்றோர் அன்றோ? பிறர் உடல்நோய் தீர்த்தல் அறமாயின், தம் உடலை நோயுறாது காத்தல் மட்டும் எங்ஙனம் அறமல்லாததாகும்?

நம் குடும்பங்களில் பெண்கள் அனைவர்க்கும் பரிமாறி, எஞ்சியதை உண்டு, தம் நோயைச் சொல்லாதிருத்தலைப் பொறுமை என்று போற்றுகின்றோம். அதனைப் போற்றுதல் இனி வேண்டா. தம் உயிரும் உயிரே. அகிம்சை என்னும் அறம் எறும்பில் தொடங்கி, வீட்டிலுள்ளார் வரை வந்து, தம் வாயிற்படியில் நின்றுவிடலாகாது.

எம் கணவர் மறைந்தபின் நாம் ஒரு நியமம் கொண்டோம். காலையில் சூரியன் எழுந்தபின் அரைமணி நேரம் நடத்தல். நடக்கும்போது பஞ்ச நமஸ்காரம் எண்ணுதல். இரவில் படுக்குமுன் இரு பாதங்களையும் விளக்கொளியில் பார்த்தல். மிகச் சிறிய நியமங்களே. அவற்றின் துணையால் எழுபது கடந்த இவ்வயதிலும் பொன்னூர் மலையின் படிகளை, இடையிடையே அமர்ந்தேனும், நாமே ஏறுகின்றோம். உச்சியில் ஏலாசாரியர் திருவடியின்முன் நிற்கும்போது, அவர் ஏறாத படிகளையும் சேர்த்து ஏறியதாகவே எண்ணிக்கொள்கின்றோம்.

வரும் தசலட்சண பர்வத்தில் நீங்கள் ஏதேனும் ஒரு விரதம் ஏற்பீர்கள். அதனோடு இதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டிற்கு ஒருமுறை குடும்பத்தார் அனைவரும் உடலைச் சோதித்துக்கொள்ளுதல். நாள்தோறும் அரைமணி நடத்தல். நோயை ஒருவர்க்கொருவர் மறையாதிருத்தல். இவை உடலைப் போற்றுவதற்கல்ல. உடலால் ஆகும் பயனைக் காலத்தே கொள்வதற்கு. கட்டியை எடுத்துக்கொண்டபின் சக்கை எரியட்டும். அதற்காக நாம் வருந்தப் போவதில்லை.

எல்லா உயிர்களும் நோயின்றி வாழ்க! அருகன் அறம் ஓங்குக!